ரொக் கச்சேரிக்கு நாள் பார்த்தல்

கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியன்கள் ஐந்து பேர் ஒரு ரொக் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு கிற்றார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஒரு பாடகன். போன ஆடி மாதம் ஒரு கோயில் திருவிழாவின் கடைசி இரவில் அவர்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. அதை மூன்று போன்களில் பிடித்து இணையத்தில் வெளியிடுவதாகத் திட்டம். சவுண்ட் சாமான் வாடகைக்கு விடும் என் மச்சான் மிக்சரில் இருந்தான். நான் கச்சான் கொறித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாள் வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. பாட்டைவிடக் காற்றின் உறுமல் பெரிதாகக் கேட்டது. கூட்டம் முழுவதும் இருட்டில் கரைந்து, ஆளே வராத கச்சேரி மாதிரி இருந்தது. வந்திருந்ததோ முந்நூறு பேருக்குக் குறையாது.

"போன் பிழையோ அண்ணை?" என்று டிரம்ஸ் அடிக்கிற தம்பி கேட்டான்.

போனில் ஒரு பிழையும் இல்லை. கலியாணத்துக்கு நாள் பார்க்கிறோம், கிணறு வெட்ட இடம் பார்க்கிறோம். கச்சேரியைப் படம்பிடிக்க மட்டும் கிடைத்த நாளில் கிடைத்த இடத்தில் போய் நிற்கிறோம்.

முதலில் அந்தக் கறுப்புப் பட்டைகளைப் பார்ப்போம். இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. அதில் எரியும் மலிவான எல்.ஈ.டி. லைற் ஒரு அலைக்கு இரண்டு தடவை வீதம் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கமராவுக்குத் தெரியும், ஏனென்றால் போன் கமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் விழுங்குவதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. லைற் மங்கிய கணத்தில் வாசிக்கப்பட்ட வரிகள் கறுப்பாக விழும். அதுதான் பட்டை. பெரும்பாலான போன்கள் வாங்கியபடியே விட்டால் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். 100-ஐ 30-ஆல் வகுத்தால் மிச்சம் விழுகிறது. அதனால் ஒவ்வொரு படத்திலும் பட்டை கொஞ்சம் தள்ளி விழுந்து, ஓடுவது மாதிரித் தெரிகிறது. செக்கனுக்கு 25 படம் என்று மாற்றினால் ஒரு படத்துக்குச் சரியாக நான்கு துடிப்பு, பட்டை ஓடாது. அதோடு ஷட்டரை ஐம்பதில் ஒரு செக்கன் என்று வைத்தால், ஒவ்வொரு வரியும் முழுதாக இரண்டு துடிப்பைக் குடித்துவிடும், பட்டையே இருக்காது.

ஆனால் எங்கள் ஊர் மேடைகள் பல ஜெனரேற்றரில்தான் ஓடுகின்றன. பேஸ் ஒரு அடி அடித்ததும் சின்ன ஜெனரேற்றர் மூச்சு வாங்கி 50-இலிருந்து 48-க்கு இறங்கினால் லைற்றின் துடிப்பு 96 ஆகிவிடும். கணக்கு மறுபடியும் குழம்பும். முடிந்தால் மேடை லைற்றுக்கு ஒரு ஜெனரேற்றர், சவுண்டுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட வேண்டும். மச்சான் இதைப் பத்து வருசமாகச் சொல்கிறான். செலவைக் கேட்டதும் எல்லாரும் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது இருட்டு. நல்ல படம் என்றால் பாடகன் முகமும் தெரிய வேண்டும், பின்னால் வானமும் தெரிய வேண்டும், கூட்டமும் தெரிய வேண்டும். நட்ட நடு இரவில் மேடை மட்டும் எரியும், மற்றதெல்லாம் மை. பின்னேரம் மூன்று மணிக்கோ வெயில் மேடை லைற்றை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், பொழுது பட்டதும் வரும் நீல வெளிச்சத்தில்தான் வானமும் லைற்றும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும். அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. லண்டனில் யூன் மாதத்தில் இந்த அந்தி 45 நிமிடத்துக்கு மேல் நீளும், அங்கே சூரியன் அடிவானத்தைச் சாய்வாகத் தொட்டு இறங்குவதால். வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையளவில் இருக்கிறது. இங்கே சூரியன் கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி நேரே இறங்கும். அந்தி 22 நிமிடம் அளவுதான், அதாவது நான்கைந்து பாட்டு. ஆகவே எந்தப் பாட்டு அந்தியில் விழவேண்டும் என்று முதலே எழுதி வைக்க வேண்டும். நன்றியுரையும் பொன்னாடையும் அந்த 22 நிமிடத்துக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை.

இனிக் காற்று. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஆடியில் வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். பகல் முழுக்க அடித்து இரவிலும் முழுதாக அடங்காது. மைக்கின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. பாட்டு வந்து அதைத் தள்ளினாலும் காற்று வந்து தள்ளினாலும் அதற்கு ஒன்றுதான். மைக்கின் கூட்டில் மோதிச் சுழலும் காற்று ஒவ்வொரு சுழிக்கும் சவ்வை ஒரு தள்ளுத் தள்ளும். பதிவில் அது உறுமலாகிறது. மிக்சரில் கீழ்ச்சுருதியைக் குறைத்தால் உறுமலோடு பேஸும் போய்விடும். மைக்குக்கு மேலே போடும் பஞ்சுத் தொப்பி, சவ்வைச் சுற்றி அசையாத காற்றுக் கூடு ஒன்றைக் கட்டுகிறது. 1969 ஜனவரி 30-இல் பீற்றில்ஸ் குழு லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் 42 நிமிடம் வாசித்தது. குளிர்காற்று அடித்த அந்த நாளில் பெண்கள் அணியும் நீளக் காலுறைகளைக் கடையில் வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார்கள். உலகின் பெரிய இசைக்குழுவுக்கும் கைகொடுத்தது காலுறைதான்.

மாசி மாதத்தில் கதை வேறு. பகலில் வெயில் தரையைச் சுடும். தரையை ஒட்டிய காற்றுச் சூடு, மேலே போகப் போகக் குளிர். சூட்டில் ஒலி வேகமாக ஓடும்: 20 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 343 மீற்றர், 30 பாகையில் 349. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் திசையை மாற்ற அது போதும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் ஒரு சில்லு சேற்றில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம் திரும்புமே, அதேபோல ஒலியும் மெதுவான பக்கம் திரும்பும். பகலில் அது மேலே வளைந்து வானத்துக்குப் போய்விடும். பொழுது பட்டு, முகில் இல்லாத வானத்தின் கீழ் தரை குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ். இப்போது கீழே குளிர், மேலே சூடு. ஒலி தரைப்பக்கம் வளையும். விடியப்புறம் மூன்று கட்டை தள்ளியுள்ள கோயில் பாட்டு உங்கள் தலைமாட்டில் கேட்பது இதனால்தான். இரணைமடுக் குளத்தின் கட்டில் நின்றால் பின்னேரத்திலேயே இதைக் காணலாம். தண்ணீர் தன் மேலுள்ள காற்றைக் குளிரவைத்துவிடுவதால் அக்கரையில் பேசுவதுகூடச் சிலவேளை கேட்கும்.

இதைக் கேட்டதும் பெடியன்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப குளக்கட்டிலேயே இரவு வைப்பம்!" கொஞ்சம் பொறுங்கள். மேடைக்கு முன்னால் ஐம்பது மீற்றருக்குள் நிற்கிற கூட்டத்துக்கு இந்த வளைவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது சில நூறு மீற்றருக்கு அப்பால்தான் வேலை காட்டும். அதே வளைவு வெளியில் எழும் சத்தத்தையும் உங்கள் மைக்குக்குக் கொண்டுவரும். ஏ9 வீதியில் போகும் லொறி, பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர், எங்கோ குரைக்கும் நாய், எல்லாம். ஆகவே அன்றைக்கு அயலில் வேறு திருவிழா இருக்கிறதா, பரீட்சைக் காலமா என்று விசாரிக்க வேண்டும். மாசியின் உண்மையான லாபம் வேறு. தரைக் காற்றுக் குளிர்ந்து கனத்ததும் மேலே ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்க முடியாமல் போகிறது. தரையில் காற்று விழுந்துவிடும். காலுறை வாங்கத் தேவையில்லை.

ஆனால் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சைத் துளைக்கிற பனி கமராவை விடுமா? ஏசி போட்ட வாகனத்தில் வந்த கமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். அரை மணிக்கு முன்பே பையோடு வெளியில் வைத்துவிட வேண்டும். கிற்றாரும் அப்படித்தான். குளிரில் உருக்குத் தந்தி உடனே சுருங்கிச் சுருதி ஏறும். மரம் ஆறுதலாகத்தான் ஒத்துவரும். பறைக்காரர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவது போல இதற்குக் குறுக்குவழி இல்லை. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி பார்க்க வேண்டியதுதான்.

மழைக்காலத்தை நான் பேசவே மாட்டேன். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வன்னியில் மேடை போடுவது சூதாட்டம். மழை வராவிட்டாலும் தவளை வரும், ஈசல் வரும். ஒருமுறை உச்சஸ்தாயியில் வாயைத் திறந்த பாடகர் ஒருவர் ஈசலோடு வாயை மூடியதை நேரில் பார்த்தவன் நான். மழை சிலவேளை கைகொடுப்பதும் உண்டுதான். 1983 யூன் 5-இல் யூ2 குழு அமெரிக்காவின் கொலராடோவில், ரெட் ரொக்ஸ் என்ற செம்பாறை அரங்கில் படம்பிடிக்கப் போனபோது மழை கொட்டியது. அரங்கில் பாதிதான் நிரம்பியது. மழைப்புகாரும் பாறைமேல் எரிந்த தீப்பந்தங்களும் சேர்ந்து வந்த படம்தான் அவர்களை உலகுக்குக் காட்டியது. ஆனால் அந்தப் படத்தின் பெயரிலேயே வந்த இசைத்தட்டை எடுத்துப் பாருங்கள்: எட்டுப் பாட்டில் இரண்டுதான் அந்த இரவினுடையவை. ஐந்து ஜேர்மனியில், ஒன்று பொஸ்டனில் பதிவானவை. கண்ணுக்கு நல்ல இரவு காதுக்கும் நல்லதாக அமைய வேண்டுமென்றில்லை.

கூட்டத்துக்கு வருவோம். மண்டபத்தில் வைத்தால் காற்றும் பனியும் இல்லையே என்று பாடகன் கேட்டான். சரி, ஆனால் தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் உள்ள மண்டபத்தில் ஒலி முட்டி முட்டித் திரும்பும். 1890-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வொலஸ் சபின் என்ற இயற்பியல் ஆசிரியர், பேச்சுப் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தில் இரவிரவாக ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க முழக்கம் குறைந்தது. ஒலியை விழுங்குவதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த யன்னல், அதற்குள்ளால் போன ஒலி திரும்பி வராது. அந்தக் கணக்கில் உடுப்போடு நிற்கும் ஒரு ஆள் ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் திறந்த யன்னல். முந்நூறு பேர் என்றால் மண்டபத்தில் 150 சதுர மீற்றர் ஓட்டை போட்ட மாதிரி. பின்னேரம் வெறும் மண்டபத்தில் சரிபார்த்த ஒலி இரவு ஏன் மாறிப்போகிறது என்பதற்கு விடை இதுதான். நூறு கதிரை காலியாக இருக்கும் மண்டபம் படத்திலும் வெறுமை, ஒலியிலும் வெறுமை.

வெளியில் வேறு சிக்கல். அறுபது மீற்றர் பின்னால் நிற்பவருக்குத் தாளம் போய்ச்சேர 0.17 செக்கன். அவர் தட்டும் கை மேடைக்குத் திரும்பிவர இன்னொரு 0.17. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரைச் செக்கன்தான். பின்வரிசைக் கைதட்டலைக் கேட்டு டிரம்ஸ்காரன் வாசித்தால் பாட்டு இழுபடும். நீளமான கோயில் வீதியைவிட, மேடையைச் சுற்றி அரைவட்டமாகக் கூட்டம் நெருங்கி நிற்கிற இடம் நல்லது. கூட்டத்தின் சத்தத்துக்கென்று இரண்டு மைக்கை முன்வரிசையிலேயே வைக்க வேண்டும். தொகுக்கும்போது, மேடையிலிருந்து அந்த மைக் நிற்கும் தூரத்தில் பத்து மீற்றருக்கு 29 மில்லி செக்கன் வீதம் அதன் பதிவை முன்னே இழுத்துச் சேர்க்கலாம். கூட்டமே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு: 1971 ஒக்ரோபரில் பிங்க் ஃபுளொயிட் குழு இத்தாலியின் பொம்பெய் இடிபாடுகளில், ஆளில்லாத பழைய அரங்கில் ஊருக்குள்ளிருந்து வயர் இழுத்து வாசித்தது. அழகுதான். ஆனால் எங்கள் பெடியன்களுக்குக் கூட்டம் வேண்டும். அவர்களுடைய அம்மாமார் முன்வரிசையில் தெரிய வேண்டும்.

மிச்சம், எத்தனையாவது கச்சேரி என்பது. முதல் கச்சேரியில் விரலுக்கு இன்னும் வழி தெரியாது. தொடர்ந்து பாடினால் குரல்நாண் வீங்கும், கடைசி இரவில் உச்சம் எட்டாது. ஆனால் கடைசி இரவில்தான் குழு ஒரே உடம்பாக வாசிக்கும். கனடாவின் ரஷ் குழு 2002 நவம்பர் 23-இல், தன் பயணத்தின் கடைசி இரவில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் படம்பிடித்தது. முதல்நாள் மழையால் லொறிகள் பிந்தி வந்து, ஒலிச் சரிபார்ப்புக்கே நேரமில்லாமல் மேடை ஏறினார்கள். வந்த 40 ஆயிரம் பேரின் பாட்டு அதை மறைத்தது. ஒலித் தரத்தைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. என் கட்சி, குறைந்தது இரண்டு இரவு பிடிக்க வேண்டும் என்பது. ஏசி/டிசி குழு 2009 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸில் மூன்று இரவு பிடித்தது. லெட் செப்பலின் குழுவும் 1973 யூலையில் நியூயோர்க்கில் மூன்று இரவு பிடித்தது. ஆனால் பேஸ்காரர் மூன்று இரவும் ஒரே உடுப்பைப் போடவில்லை. காட்சிகள் ஒட்டவில்லை, விடுபட்ட துண்டுகளும் பல. அடுத்த வருசம் இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் மேடையைத் திரும்பக் கட்டி நடித்தார்கள். அதற்குள் அதே பேஸ்காரர் முடியையும் வெட்டிவிட்டதால் அவருக்குப் பொய்முடி.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி வந்திருக்கிறது. மாசி. காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும். சனத்தின் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும். அதற்கு முன் சின்னச் சின்னதாக நான்கு கச்சேரி. பிறகு ஒரு சனி, ஞாயிறு, இரண்டு இரவும் ஒரே பாட்டு வரிசை. வீதியிலிருந்து தள்ளி, குளக்கட்டுக்குக் கீழே, அறுத்த வயலில் மேடை. மிஞ்சியிருக்கும் வாடைக்காற்று முதுகுக்குப் பின்னால் வரும்படி வடகிழக்கில் மேடை. ஜெனரேற்றர்கள் இரண்டும் காற்றுப் போகும் பக்கம், வயர் எட்டுகிற தூரத்துக்கு. 6 மணிக்குத் தொடக்கம், போன்கள் எல்லாம் 25-இல்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய டிரம்ஸ்காரன் ஒன்றில் மட்டும் மறித்தான்.

"அண்ணை, சனிக்கிழமை வேர்த்து நனைஞ்ச சேட்டை ஞாயிற்றுக்கிழமையும் போடுறதோ?"

இரண்டு சேட் ஒரே மாதிரி வாங்கச் சொன்னேன். அந்த டிசைனில் ஒன்றுதான் இருக்கிறதாம். அவனுடைய அம்மா சனி இரவே தோய்த்துக் காயப்போடுவதாகச் சொல்லியிருக்கிறா. மாசிப் பனியில் அது எங்கே காயப்போகிறது!