திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா? மாத்திரையைக் கரையிலேயே போடுங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் கிளினிக்கில் ஒரு கேள்வி வந்துவிடும்: "திருகோணமலை போறோம் டாக்டர், கடல்ல வாந்தி வராம இருக்க ஏதாவது கொடுங்க." நல்ல ஊர். கோணேசர் கோயில், உப்புவெளி கடற்கரை, எங்கும் தமிழ். அவசரமே இல்லாமல் சுற்றலாம். கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாவதால் நீலத் திமிங்கிலங்கள் பக்கத்திலேயே வரும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சீசன், நம் பள்ளி விடுமுறைக்குத் தோதானது.

ஏற்காடு மலைப்பாதையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவரா நீங்கள்? கடலும் உங்களை விடாது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'இல்லையே' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். படகு ஓடும்போதுகூடச் சமாளித்துவிடலாம். திமிங்கிலத்துக்காக இன்ஜினை நிறுத்திக் காத்திருக்கும்போதுதான் படகு பக்கவாட்டில் உருளும், டீசல் வாடை வேறு. முங்கிய திமிங்கிலம் மேலே வரப் பத்து நிமிடம்கூட ஆகும். அதுவரை போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வாந்தி நிச்சயம். படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

பலரும் வீட்டில் இருக்கும் ஒண்டான்செட்ரானைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். வயிற்றுக் கோளாறு வாந்திக்கு அது நல்ல மருந்து. பயணக் குமட்டலைத் தடுக்க அவ்வளவாக உதவாது. இதற்குப் புரோமெதசின், சின்னரிசின் போன்றவைதான் சரி. அதுவும் படகு ஏற ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். தூக்கம் வரும், அதனால் மதுவும் கூடாது, திரும்பி வந்து ஸ்கூட்டர் ஓட்டுவதும் கூடாது. கிளாக்கோமா, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கேட்காமல் போடாதீர்கள். சின்னரிசின் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது. அந்த வயதில் அலைகடலில் திமிங்கிலம் எதற்கு என்பது என் தனிப்பட்ட கருத்து.

விடியற்காலைப் படகு என்று வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லி போதும். நெய்ப் பொங்கலும் வடையும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிட்டதை வாந்தியெடுத்தால், நடுக்கடலில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். அன்று காலை டோஸை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் பெட்டியில் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்கட்டும்.