ஜி6பிடி குழந்தைக்குப் பருப்பை நிறுத்தாதீர்கள்

இரண்டு வயதுக் குழந்தை. சைவக் குடும்பம். சாம்பார் கிடையாது, இட்லி தோசை கிடையாது, கொண்டைக்கடலை, சோயாவில் செய்யும் தெம்பே, தாவ்ஃபூ எதுவும் கிடையாது. சோறும் தயிரும் பிஸ்கட்டும்தான். இரும்புச்சத்து குறைந்து வெளுத்துப் போயிருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா சொல்வது ஒரே காரணம்: "ஜி6பிடி இருக்கு டாக்டர், பீன்ஸ் வகை ஆகாதுன்னு சொன்னாங்க." ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது பிறவியிலேயே குறைந்திருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கோலாலம்பூர் கிளினிக்குகளில் இது ஓயாமல் நடக்கிறது. ஆகவே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஆகாதது ஒரே ஒரு பயறு. ஃபாவா பீன்ஸ். நம் கடைகளில் 'கச்சாங் பாராங்' என்று பொரித்து உப்புப் போட்டு விற்கிறார்களே, அது. வைசின், கான்வைசின் என்ற இரண்டு பொருள்கள் அதில் மிகுந்திருக்கின்றன. ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பது அவைதான். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, சோயா, பயத்தங்காய் எல்லாம் தாராளமாகத் தரலாம்.

குழப்பம் பெயரில்தான். ஃபாவா மத்திய கிழக்கில் விளைந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் சீனாவுக்கும் போன பயறு. எகிப்தியரின் காலை உணவான ஃபுல் மெதாமெஸ் அதில் செய்வது. பித்தாகரஸ் தம் சீடர்களை அவரைப் பயறு தின்னக் கூடாதென்று தடுத்ததாகப் பழைய கிரேக்க நூல்கள் சொல்வதும் இந்தப் பயறைத்தான். தமிழ்ச் சமையலில் இதற்குப் பெரிதாக இடமில்லை, வாயில் புழங்கும் பெயரும் இல்லை. இதன் ஆங்கிலப் பெயர் 'பிராட் பீன்ஸ்'. நம் அவரைக்காய்க்கும் கடைகளில் அதே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். மொச்சைக்கும் அகராதிகள் அப்படியே எழுதுகின்றன. கூகுளில் தேடிய அம்மா அவரைக்காய்ப் பொரியலை நிறுத்துகிறார். பாட்டி மொச்சைக் குழம்பை நிறுத்துகிறார். சீன அண்டை வீட்டார் இதை 'அவரை நோய்' என்று சொல்லக் கேட்டவர் எல்லாப் பருப்பையும் நிறுத்துகிறார். அவரையும் மொச்சையும் ஒரே செடியினம், ஃபாவா முற்றிலும் வேறு. விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொச்சையின் விளிம்பில் வெள்ளைக் கொண்டைபோல் ஒரு கோடு ஓடும். ஃபாவா தட்டையாக, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கும். காய்ந்த விதையின் மொட்டை முனையில் பெரும்பாலும் கறுப்புக் கீற்று தெரியும்.

பருப்பைப் பூட்டி வைக்கும் அதே வீட்டில் தீபாவளித் தட்டில் கச்சாங் பூத்தே என்ற பயறு, கடலைக் கலவை கிடக்கும். அதில் ஃபாவா கலந்திருக்கலாம், பொறுக்கி எடுத்தாலும் துகள் மிஞ்சும். அந்தப் பொட்டலமே வேண்டாம். மாபோ தாவ்ஃபூவின் சிவப்புச் சட்டினியான டௌபான்ஜியாங் ஃபாவாவும் மிளகாயும் புளிக்கவைத்தது. அரபு உணவகத்தில் ஃபலாஃபல் கேட்டால், எதில் செய்தது என்று கேளுங்கள். எகிப்திய முறையில் அது ஃபாவா. வேகவைத்தாலும் பொரித்தாலும் ஆபத்து போகாது. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் தவிர்க்க வேண்டும்.

பருப்புக்குப் பயப்படுகிறவர்கள் பயப்படாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். கைக்குழந்தையின் பாதத்தில் மருதாணி வைக்காதீர்கள். இரண்டும் ரத்தம் உடையக் காரணமாகலாம். நாட்டு மருந்து, சீன மூலிகை எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்குச் சரியான அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். எந்த மருந்து எழுதினாலும், முதலில் குழந்தைக்கு ஜி6பிடி இருப்பதாக மருத்துவமனை கொடுத்த அட்டையைக் காட்டுங்கள்.

ஃபாவா தின்றது தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 நாளில் அறிகுறி தெரியும்: உதடும் உள்ளங்கையும் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போகும், பிள்ளை சோர்ந்து படுக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். தின்ற பொட்டலத்தையும் ஜி6பிடி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். பம்பர்ஸ் கட்டும் குழந்தையானால், நனைந்த பம்பர்ஸையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிறத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.