எச்பிவி பாசிட்டிவ்: அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பரிசோதனை அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும், புற்றுநோய் வந்துவிட்டது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பரிசோதனை புற்றுநோயைத் தேடுவதே இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் வகைகளின் மரபணு, எடுத்த மாதிரியில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது.

எச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆபத்தானவை ஏறத்தாழ ஒரு டஜன். அவற்றிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். பிறப்புறுப்பில் மரு வரவைக்கும் 6, 11 வகைகள் வேறு கூட்டம். அவற்றை இந்தப் பரிசோதனை தேடுவதில்லை, தேட வேண்டியதும் இல்லை.

உடலுறவில் ஈடுபட்ட பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்துபோகும். பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே அடங்கிவிடும். போகாமல் தங்கிவிடும் மிச்சம்தான் பிரச்சினை. கருப்பைவாயின் வெளிப்பக்கச் செல்களும் உட்பக்கச் சுரப்பிச் செல்களும் சந்திக்கும் இடத்தில் வைரஸ் குடியேறுகிறது. அதன் இ6, இ7 புரதங்கள், செல் தறிகெட்டுப் பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற காவல் புரதங்களை முடக்கிவிடுகின்றன. அங்கிருந்து புற்றுநோய்வரை செல்லப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை பெறாத எச்ஐவி இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். புகைபிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

இருபதுகளில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை தானே போய்விடக்கூடியவை. அப்போது பரிசோதித்தால் தேவையற்ற பயமும் தேவையற்ற சிகிச்சையும்தான் மிஞ்சும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது. எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதில் தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு. எல்லா ஆபத்தான வகைகளையும் ஊசி தடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்குவதும் இல்லை.

மாதிரியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இதற்கென உள்ள குச்சியை யோனிக்குள் ஏறத்தாழ 5 செ.மீ. செலுத்தி, 10 முதல் 30 விநாடி சுழற்றி எடுத்தால் போதும். துல்லியமான அளவு ஒவ்வொரு பரிசோதனைப் பெட்டியின் குறிப்பிலும் இருக்கும். வைரஸ் மரபணுவைப் பல மடங்காக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் பரிசோதித்தால், இப்படி எடுத்ததும் மருத்துவர் எடுத்ததும் ஏறத்தாழ ஒரே அளவு நம்பகமானவை. மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம். யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம் இருந்தால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். மாதிரி போதவில்லை என்று அறிக்கை வந்தால் அதை 'நெகட்டிவ்' என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. திரும்ப எடுக்க வேண்டும்.

16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால் பொதுவாக நேரே கோல்போஸ்கோபிதான் (கருப்பைவாயை உருப்பெருக்கியால் பார்ப்பது). மற்ற ஆபத்தான வகைகள் என்றால், பல இடங்களில் முதலில் பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் ஓராண்டு கழித்து மறுபடியும் எச்பிவி பரிசோதனை. தானே எடுத்த மாதிரியில் பாப் ஸ்மியர் பார்க்க முடியாது, அதற்கு மருத்துவரிடம் ஒருமுறை போக வேண்டியிருக்கும். பலர் நின்றுவிடுவது இந்தப் படியில்தான்.

கோல்போஸ்கோபியில் கருப்பைவாய் மீது 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் போலக் காத்திருந்து, உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். மாறுதலடைந்த செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். அங்கிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முடிவில் சிஐஎன் (செல் மாறுதலின் தீவிரத்தை 1 முதல் 3 வரை சொல்லும் அளவு) 1 என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். சிஐஎன் 2, 3 என்றால் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படும். மாறுதல் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தால் சூட்டாலோ உறைகுளிராலோ அழிக்கலாம். கருப்பைவாயின் உட்குழாய்க்குள் நீண்டிருந்தால் அது சரிப்படாது, கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பதே முறை. சிகிச்சை எடுக்காமல் விட்ட சிஐஎன் 3 நிலை, 30 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குப் புற்றுநோயாகிறது. சிகிச்சை முடிந்து ஓராண்டில் கட்டாயம் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

இந்த அறிக்கையால் வீட்டில் சண்டை வருவதும் உண்டு. தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு இப்போது தலைகாட்டியிருக்கலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. கணவருக்கும் பரிசோதனை செய்யலாமா என்றால், ஆண்களுக்கென்று வழக்கத்தில் உள்ள எச்பிவி பரிசோதனை எதுவும் இல்லை.

இதெல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கான கணக்கு. உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய்க்கு இடையில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என ஏதாவது இருந்தால், போன மாதம்தான் 'நெகட்டிவ்' வந்திருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் நேரில் போய்க் கருப்பைவாயைக் காட்டிவிடுங்கள். அரிதாக எச்பிவி இல்லாமலும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவதுண்டு.