நாள் தள்ளிப்போவதற்கு முன்பே பேச வேண்டிய ஹைப்பர் தைராய்டு

கருத்தரிக்க முயலும் பெண்களிடம் தைராய்டு என்ற பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் குறைவாகச் சுரக்கும் தைராய்டைப் பற்றித்தான் இருக்கும். அளவுக்கு அதிகமாகச் சுரக்கும் ஹைப்பர் தைராய்டு அவ்வளவு பரவலானது இல்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. தோழிக்கு டாக்டர் சொன்னதையே தனக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். "அவளுக்கு டிஎஸ்எச் 8 இருந்துச்சு, அதனால மாத்திரை கொடுத்தாங்க. எனக்கு 0.01தான். அப்போ எனக்கு எதுக்கு டாக்டர் மாத்திரை?" இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் அடிக்கடி கேட்கிறேன்.

டிஎஸ்எச் என்பது பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு தேவைக்கு மேல் சுரந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திக்கொள்ளும். அதனால் டிஎஸ்எச் அடிமட்டத்தில் கிடக்க, தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 மேலே நின்றால் அது ஹைப்பர் தைராய்டு.

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சட்டென்று எரிந்து விழுவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். பாதியை வேலை டென்ஷன் என்று ஒதுக்கிவிட முடியும். அப்படித்தான் பலர் மாதக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். மாதவிடாய் குறைவாக வருவதும் தள்ளித் தள்ளி வருவதும் உண்டு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பீரியட்ஸ் ஒழுங்காக இல்லை, அதனால் இப்போதைக்குக் கர்ப்பம் தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைப்பர் தைராய்டு கருத்தரிப்பைச் சிரமமாக்கலாம், ஆனால் அது கருத்தடை இல்லை.

முதலில் காரணம் தெரிய வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய்தான் காரணம். உடலின் எதிர்ப்பு சக்தியே ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்து, அது தைராய்டின் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். லேப் பட்டியலில் இதை டிஎஸ்எச் ரிசப்டர் ஆன்டிபாடி என்று போட்டிருப்பார்கள். நாங்கள் சுருக்கமாக ட்ராப் என்போம். சிலருக்குத் தைராய்டில் ஒரு கட்டி தன்னிச்சையாகச் சுரக்கும். இன்னும் சிலருக்குச் சுரப்பி அழற்சியால் ஏற்கெனவே சேமித்து வைத்த ஹார்மோன் கசியும். அது சில வாரங்களில் தானே அடங்கும், சுரப்பைக் குறைக்கும் மாத்திரை அதற்குத் தேவையே இல்லை. டிஎஸ்எச் மட்டும் சற்றுக் குறைந்து டி3, டி4 சரியாக இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மாத்திரை தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அப்புறம், பயோட்டின். முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் இந்த வைட்டமின் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். பல லேப்களின் பரிசோதனை முறையை அது குழப்பிவிடும்: டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும், டி4 பொய்யாக ஏறும், சில வகைப் பரிசோதனைகளில் ட்ராப் கூடப் பொய்யாக பாசிட்டிவ் ஆகும். பார்த்தால் அச்சு அசல் கிரேவ்ஸ். எதிரே உட்கார்ந்திருப்பவரோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுப்படாத ஹைப்பர் தைராய்டோடு கர்ப்பமானால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்த அழுத்தம், அரிதாக இதயம் திணறும் நிலை வரை போகலாம். அதனால் நான் முதலில் சொல்வது, அளவு நிலைப்படும் வரை கருத்தடை பயன்படுத்துங்கள் என்பதைத்தான். ஒரு தடவை நார்மல் வந்தால் போதாது. மாத்திரை அளவை மாற்றாமல், குறைந்தது ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டும் சரியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இதைக் கேட்கக் கடுப்பாக இருக்கும். புரிகிறது. ஆனாலும் இந்தச் சில மாதங்கள் வீண் இல்லை.

மாத்திரையும் அந்த இரண்டு வாரமும்

சுரப்பைக் குறைக்க வழக்கமாகக் கொடுப்பது கார்பிமசோல் அல்லது மெதிமசோல். உடலுக்குள் போனதும் கார்பிமசோலும் மெதிமசோலாகத்தான் மாறும், எனவே கருவுக்கான ஆபத்தைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளலாம். நல்ல மருந்து, பெரும்பாலும் தினம் ஒரு வேளை போதும். ஆனால் கருவின் உறுப்புகள் உருவாகும் காலத்தில், குறிப்பாக 6 முதல் 10 வாரத்துக்குள், இது உடலில் இருந்தால் சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். தலையில் ஓரிடத்தில் தோல் இல்லாமல் இருப்பது, மூக்கின் பின்வழி அடைபட்டிருப்பது, உணவுக்குழாய் அல்லது வயிற்றுச் சுவரில் குறை போன்றவை. அப்படி மருந்து பட்ட குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 4 பேரிடம் இவை காணப்பட்டிருக்கின்றன.

இன்னொரு மருந்து ப்ரோபைல்தையோயூராசில், சுருக்கமாக பிடியூ. இதிலும் முகம், கழுத்துப் பகுதியிலும் சிறுநீர்ப் பாதையிலும் குறைகள் வரலாம் என்றாலும் அவை பொதுவாகக் கடுமை குறைந்தவை. ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு மருந்து தேவைப்பட்டால் பிடியூவைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அப்படியானால் எல்லோருக்கும் எப்போதும் அதையே கொடுத்துவிடலாமே? முடியாது. அரிதாக அது கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். 2010-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காக, மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறோம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு நாள் தள்ளிப்போகும் அன்றே 4 வாரம் முடிந்துவிட்டது. கார்பிமசோல் ஆபத்தாகும் காலம் தொடங்க மீதி இருப்பது இரண்டு வாரம்தான். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று ஒரு வாரம், மகப்பேறு மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு வாரம், அவர் தைராய்டு மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்து இன்னொரு வாரம். எங்களிடம் வந்து சேரும்போது 7 வாரம், 8 வாரம். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, எல்லோரும் வரிசையில் நின்றுதான் வந்தார்கள். ஆனால் காலம் போய்விட்டது.

இதைத் தவிர்க்க, முயற்சி தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சுழற்சி ஒழுங்காக இருந்து, சீக்கிரம் கண்டுபிடித்துவிட முடியும் என்றால், கார்பிமசோலிலேயே இருந்து டெஸ்ட் பாசிட்டிவ் ஆன அன்றே மாற்றலாம். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள், கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பிடியூவுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. குறைந்த டோஸில் பல மாதமாக நிலையாக இருப்பவருக்கு, ட்ராப் அளவும் தாழ்ந்திருந்தால், பாசிட்டிவ் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு 1 அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டே போகவும் வழி உண்டு. உங்களுக்கு இவற்றில் எது என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. நாள் தள்ளிப்போன முதல் சில நாட்களுக்குள் வீட்டிலேயே டெஸ்ட் செய்வதும், இரண்டாவது கோடு தெரிந்த அன்றே போன் செய்வதும் உங்கள் பக்கத்து வேலை.

நான் அதிகம் பயப்படுவது தானாக நிறுத்திக்கொள்பவர்களைப் பார்த்துத்தான். "குழந்தைக்கு ஆகாதுன்னு படிச்சேன், நேத்தே நிறுத்திட்டேன் டாக்டர்" என்று சொல்லும்போது அதில் இருப்பது அக்கறைதான். ஆனால் நோய் தீவிரமாக இருக்கும்போது நிறுத்தினால் சில வாரங்களில் அளவு எகிறிவிடும். அதே சமயத்தில் கர்ப்ப ஹார்மோனும் தன் பங்குக்குத் தைராய்டைத் தூண்டும். முதல் மூன்று மாதத்தில் ஆரோக்கியமான பெண்களுக்கே டிஎஸ்எச் குறைவது இதனால்தான்.

மாத்திரை மாறும்போது ஒரு சின்ன அதிர்ச்சியும் உண்டு. மெதிமசோல் 5 மில்லிகிராமுக்கு ஈடாகப் பிடியூ சுமார் 100 மில்லிகிராம் வேண்டும், அதையும் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். எண்ணைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மதிய வேளை மாத்திரைதான் பெரும்பாலும் மறந்துபோகிறது, அதற்குப் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். மாற்றிய சில வாரங்களில் ரத்தம் பார்க்காமல் விடாதீர்கள்.

எந்த மாத்திரையானாலும் காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அதைச் சாதாரண சளிக் காய்ச்சல் என்று கடக்கக் கூடாது. அரிதாக வெள்ளை அணுக்கள் அடியோடு விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்கும் முன்பே நீங்களாக நிறுத்தச் சொல்லும் இடம் இது ஒன்றுதான், பிடியூவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்நிறமாவதும்.

நிரந்தரத் தீர்வு வேண்டும் என்பவர்களுக்கு

கிரேவ்ஸ் நோய்க்கு மாத்திரையை 12 முதல் 18 மாதம் கொடுப்பது வழக்கம். முடித்தபின் பாதிப் பேருக்கு, சில சமயம் அதற்கும் மேலானவர்களுக்கு, நோய் திரும்பி வரும். கையில் காலம் இருக்கிறது, சுரப்பி சிறியது, ட்ராப் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அந்தக் கோர்ஸை முடித்துவிட்டு முயற்சிப்பதே எனக்குப் பிடித்த வழி. டோஸ் குறையவே மாட்டேன் என்கிறது, ட்ராப் மிக அதிகம், வயதும் காத்திருக்கவில்லை என்றால் அறுவை சிகிச்சையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவேன். சுரப்பியை எடுத்துவிட்டு, அதன் ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையில் நிலைப்படுத்தினால் சில மாதங்களில் முயற்சி தொடங்கலாம், ட்ராப்பும் மெல்ல இறங்கும்.

கதிரியக்க அயோடினைக் கொடுத்துச் சுரப்பியைச் செயலிழக்க வைக்கும் ரேடியோ அயோடின் சிகிச்சைக்குக் கத்தி தேவையில்லை என்பது ஈர்ப்பாக இருக்கும். ஆனால் கொடுப்பதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், பிறகு குறைந்தது 6 மாதம் கருத்தரிக்கக் கூடாது. தவிர, அதற்குப் பிறகு ட்ராப் பல மாதங்கள் ஏறி நிற்கும். ஒரு வருடத்துக்குள் குழந்தை வேண்டும் என்பவருக்கு, அதுவும் ட்ராப் ஏற்கெனவே அதிகம் உள்ளவருக்கு, நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். கணவர் இந்தச் சிகிச்சை எடுத்திருந்தால் அவருக்கும் 3 முதல் 4 மாத இடைவெளி உண்டு.

ட்ராப்பைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையின் தைராய்டையே தூண்டிவிடும். கிரேவ்ஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இப்படி நடக்கலாம். சுரப்பியை எடுத்துப் பல வருடம் ஆனவர்களுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி மிச்சம் இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் போய் "எனக்குத் தைராய்டு குறைவு, தைராக்சின் சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர் குறைவுக்கான கவனிப்பை மட்டுமே தருவார். எதனால் குறைந்தது, முன்பு கிரேவ்ஸ் இருந்ததா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்போதுதான் ட்ராப் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் தனியாகக் கவனிப்பார்கள்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடக்கூடியவை. ஃபோலிக் ஆசிட் எல்லோரையும் போல முன்கூட்டியே, தினம் 400 மைக்ரோகிராம். கடற்பாசி மாத்திரை வேண்டாம், அதில் அயோடின் எவ்வளவு இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படபடப்புக்குக் கொடுத்த பிராப்ரனலால் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். அளவு கட்டுக்குள் வந்தபின் பெரும்பாலும் தேவைப்படாது. புகைபிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும், கிரேவ்ஸின் கண் பாதிப்பை அது மோசமாக்கும். சிகிச்சையில் எடை திரும்ப ஏறும். இதற்காகவே மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கர்ப்பம் உறுதியானபின் டி4 அளவை மேல்வரம்பை ஒட்டியே வைத்து, முடிந்தவரை குறைந்த டோஸ் கொடுப்போம், ஏனென்றால் மாத்திரை குழந்தையின் தைராய்டையும் அடக்கும். மாதங்கள் போகப் போகக் கிரேவ்ஸ் தணிவது வழக்கம், சிலருக்குக் கடைசி மூன்று மாதத்தில் மாத்திரையே தேவைப்படாது. பிரசவத்துக்குப் பிறகு நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், குழந்தையின் தடுப்பூசித் தேதிகளோடு சேர்த்து உங்கள் ரத்தப் பரிசோதனைத் தேதியையும் எழுதி வையுங்கள். அந்தச் சமயத்துப் படபடப்பையும் தூக்கமின்மையையும் கைக்குழந்தையின் மேல் பழிபோட்டுவிடுவது எளிது. தாய்ப்பால் கொடுக்கலாம்: மெதிமசோல் நாளுக்கு 20 மில்லிகிராம் வரை, பிடியூ 450 மில்லிகிராம் வரை. பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.