மறுவெளியீட்டு அனலாக் சிந்தசைசர்: முகப்பை விட்டுச் சர்க்யூட்டைப் பாருங்கள்

"சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது." "கீயை விட்ட பிறகுதான் சத்தம் வருகிறது." "மிடியில் எதை அனுப்பினாலும் ஃபில்டர் அசையவில்லை." மறுவெளியீட்டு அனலாக் சிந்தசைசர்களை, அதாவது மின்சர்க்யூட்டால் ஒலி எழுப்பும் பழைய கீபோர்டுகளின் புதிய தயாரிப்புகளை, பழுதுபார்க்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் புகார்கள் இவை. (மிடி என்பது கருவிகள் இசைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் டிஜிட்டல் முறை, ஃபில்டர் என்பது ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் சர்க்யூட்.) மூன்றிலும் பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. கையில் இருப்பது எந்தச் சர்க்யூட், அது எப்படிப்பட்ட வோல்டேஜை எதிர்பார்க்கிறது என்பதை வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பெரிய தொகை கொடுத்து வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் "மறுவெளியீடு" என்ற சொல்லையே நம்பாதீர்கள். ஒரே மாதிரி முகப்புக்குப் பின்னால் வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. மினிமூக் மாடல் டி 1970 முதல் 1981 வரை உற்பத்தியில் இருந்தது. 2016ல் மூக் நிறுவனமே அதை மீண்டும் செய்தபோது ஒலி செல்லும் பாதையில் கை வைக்கவில்லை. பலகையில் துளையிட்டுக் கால் நுழைத்துப் பற்றவைக்கும் பழைய பாணிப் பாகங்களையே போட்டார்கள். மிடியும் தனி எல்.எஃப்.ஓ.வும் (ஒலியை மெதுவாக அசைத்துக்கொடுக்கும் பகுதி) கூடுதலாக வந்தன. கோர்க் 2013ல் கொண்டுவந்த எம்.எஸ்-20 மினி வேறு வகை. சர்க்யூட் 1978ல் வந்த மூலத்தைப் பின்பற்றுகிறது, உடல் மட்டும் 86 சதவீதமாகச் சுருங்கியது. கீக்கள் சிறியவை, பேட்ச் ஜாக்குகள் (பகுதிகளைக் கேபிளால் இணைக்கும் துளைகள்) 3.5 மி.மீ., உள்ளே இருப்பவை பலகையின் மேற்பரப்பில் ஒட்டிய பொடிப் பாகங்கள். மூலத்தை வடிவமைத்தவர்களே உட்கார்ந்து புதிதாக யோசித்தது சீக்வென்ஷியலின் 2020ஆம் ஆண்டு ப்ராஃபெட்-5 ரெவ் 4. பெரிங்கர் மாடல் டி போன்றவை வேறொரு நிறுவனம் செய்யும் நகல்கள். ரோலண்ட் 2015 முதல் வெளியிட்ட பூட்டிக் வரிசையில் ஜே.யு-06, டி.பி-03 ஆகியவை அனலாக்கே அல்ல. பழைய சர்க்யூட் நடந்துகொள்ளும் விதத்தை டிஜிட்டலில் கணக்கிட்டு ஒலிக்கின்றன. நிறுவனமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஒலியில் குறையில்லை, சுருதியும் நகராது. ஆனால் அனலாக் வேண்டும் என்று தேடிப் போகிறவர் தெரியாமல் இதை வாங்கிவிடக் கூடாது.

அடுத்த கேள்வி: எந்த ரெவிஷன், அதாவது எந்தத் திருத்தப் பதிப்பு? பழைய கருவிகள் உற்பத்தியில் இருக்கும்போதே ஃபில்டர் மாறியிருக்கும். எம்.எஸ்-20ன் முதல் காலத்தவற்றில் கோர்க்-35 என்ற ஃபில்டர், பிந்தியவற்றில் வேறு சிப்பில் கட்டிய ஃபில்டர். முதலாவது முரட்டுத்தனமாகக் கத்தும், இரைச்சலும் அதிகம். மினியில் இருப்பது அந்த முதல் வகைதான். 2014ல் வந்த, நாமே பொருத்திக்கொள்ளும் முழு அளவு கிட்டில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஏ.ஆர்.பி. ஒடிஸியிலும் இதே கதை. 1972 முதல் 1981 வரை மூன்று ஃபில்டர்கள் வந்தன, கோர்க் 2015ல் வெளியிட்டதில் மூன்றையும் ஒரு சுவிட்சில் தேர்ந்தெடுக்கலாம். ப்ராஃபெட்-5 ரெவ் 4ல் எஸ்.எஸ்.எம். 2040 என்ற பழைய ஃபில்டர் சிப்பின் வழித்தோன்றலான எஸ்.எஸ்.ஐ. 2140, சி.இ.எம். 3320 என்று இரண்டு ஃபில்டர்கள். முன்னதை வடிவமைத்தவர் டேவ் ராஸம், பழைய 2040ஐ வடிவமைத்தவரும் அவரே. ஆக, "அந்தப் பாட்டில் வரும் ஒலி" வேண்டுமென்றால் கருவியின் பெயர் போதாது. எந்த ரெவிஷனில் அது பதிவானது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சுருதி ஏன் நகர்கிறது

இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். கீபோர்டு ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் தருகிறது. அந்த வோல்டேஜைச் சுமார் 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்து ஒரு டிரான்சிஸ்டர் ஜோடிக்குக் கொடுக்கிறார்கள். அறை வெப்பத்தில் அந்த 18 மில்லிவோல்ட் ஏறினால் கரன்ட் இரட்டிப்பாகும், ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்த இடத்தில் ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் சுருதி ஏறக்குறைய 67 சென்ட் விலகிவிடும். அரைச்சுரம் என்பதே 100 சென்ட்தான்.

வெப்பமும் இங்கேதான் விளையாடுகிறது. டிரான்சிஸ்டர் 1 டிகிரி சூடானால் ஸ்தாயிக்கு இத்தனை மில்லிவோல்ட் என்ற இந்த அளவுகோல் 0.33 சதவீதம் மாறும். 5 டிகிரி ஏறி, அதை ஈடுகட்ட எதுவும் இல்லையென்றால், மூன்று ஸ்தாயி தள்ளி இருக்கும் ஸ்வரம் சுமார் 60 சென்ட் விலகும். வெப்பத்துக்கேற்பத் தானும் மாறும் ஒரு ரெசிஸ்டரை டிரான்சிஸ்டர் ஜோடியோடு ஒட்டி வைப்பது இதனால்தான். அது டிரான்சிஸ்டரோடு சேர்ந்து சூடாக நேரம் எடுக்கும். ஆகவே போட்டவுடன் சுருதி சேர்க்காதீர்கள். குறைந்தது 20 நிமிடம் விடுங்கள், குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடத்தில் கருவியை வைக்காதீர்கள். ப்ராஃபெட்-5 போலத் தானியங்கி டியூன் பொத்தான் உள்ளவற்றிலும் சூடேறிய பிறகே அதை அழுத்த வேண்டும்.

அரை மணி நேரம் ஓடிய பிறகும் கீழ் ஸ்தாயி சரியாகவும் மேல் ஸ்தாயி தவறாகவும் இருந்தால், அப்போதுதான் அளவுகோலைத் திருத்த வேண்டும். கிளைட், மாடுலேஷன், ரெசனன்ஸ் என்று எழுதிய நாப்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஒரே ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி), முக்கோண அலை, ஃபில்டர் முழுக்கத் திறந்திருக்கட்டும். 110 ஹெர்ட்ஸ் 'ஏ'யை வாசித்து முகப்பிலுள்ள டியூன் நாப்பால் சரியாக்குங்கள். இரண்டு ஸ்தாயி மேலே போய் 440ஐ வாசியுங்கள். 446 காட்டினால் அளவுகோல் அகலமாக இருக்கிறது என்று பொருள், ஸ்கேல் டிரிம்மரை (அளவுகோலைத் திருத்த உள்ளே இருக்கும் சிறு திருகு) கொஞ்சமாகக் குறைக்கவும். அப்படிக் குறைக்கும்போது கீழ் ஸ்வரமும் நகர்ந்துவிடும், ஏனென்றால் அது பூஜ்ய வோல்ட்டில் இல்லை. திரும்பப் போய் 110ஐச் சரிசெய்யுங்கள். நான்கைந்து முறை மேலும் கீழும் போய் வந்தால் இரண்டும் ஒன்றாக உட்காரும். பிளாஸ்டிக் முனையுள்ள திருப்புளியே நல்லது. மூடியைத் திறந்து வைத்துத் திருத்தினால், மூடிய பிறகு உள்ளே சூடு ஏறி மறுபடி நகரும். அதனால் மூடி, கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை சோதியுங்கள்.

உச்ச ஸ்தாயியில் மட்டும் சுருதி இறங்கினால் காரணம் வேறு. சா-டூத் (ரம்பப் பல் வடிவ அலை) ஆசிலேட்டர் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரைக் காலி செய்ய ஒரு சிறு நேரம் எடுக்கிறது. அந்த நேரம் மாறாதது, எனவே சுற்றுகள் வேகமாகும்போது அதன் பங்கு பெரிதாகித் தெரிகிறது. இதற்கென்று தனி டிரிம்மர் இருக்கும். ஸ்கேலைச் சரிசெய்யாமல் முதலில் இதைத் திருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிறகு எதுவுமே ஒன்றோடொன்று சேராது. வாரண்டி உள்ள கருவியென்றால் மூடியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

வோல்டேஜ் பொருந்தாத இடம்

எம்.எஸ்-20 மினி, மூலத்தைப் போலவே, ஸ்தாயிக்கு 1 வோல்ட் முறையில் இயங்குவதில்லை. அதற்கு ஹெர்ட்ஸ்/வோல்ட் முறை. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்டேஜ் இரட்டிப்பாக வேண்டும்: 1, 2, 4, 8. இதில் மற்றொரு சீக்வென்சரிலிருந்து (ஸ்வரங்களை வரிசையாக அனுப்பும் கருவி) 1, 2, 3, 4 வோல்ட் அனுப்பினால் நான்கு ஸ்தாயிகளின் ஷட்ஜம் வராது. ச, மேல் ச, அதற்கு மேல் ப, பிறகு ச என்று ஒலிக்கும். காது உடனே கண்டுபிடித்துவிடும். இதைக் கேட்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள், கேபிளின் மறுமுனையைப் பாருங்கள்.

ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் டிரிக்கரும் அப்படித்தான். எம்.எஸ்-20 எதிர்பார்ப்பது எஸ்-டிரிக், அதாவது கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட் இணைப்பு) சேர்த்தால் ஸ்வரம் தொடங்கும். மற்ற கருவிகளின் 5 வோல்ட் கேட், அதாவது கீயை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் வோல்டேஜ், இதற்கு நேர் எதிர். கேட் பூஜ்யத்துக்கு இறங்கும்போது எம்.எஸ்-20 ஒலிக்கத் தொடங்கும், "கீயை விட்ட பிறகு சத்தம்" என்ற புகாரின் காரணம் இதுதான். கோர்க் எஸ்.க்யூ-1 சீக்வென்சர் இரு முறைகளிலும் வெளியே அனுப்பும். வேறு சீக்வென்சர் என்றால் நடுவில் ஒரு மாற்றி தேவை. இன்னொன்று: மினி மிடியில் பெற்றுக்கொள்வது ஸ்வரத் தகவலை மட்டுமே. ஃபில்டர் நாப்பை மிடியால் நகர்த்த வழியில்லை, பேட்ச் ஜாக் வழியே வோல்டேஜ் கொடுத்துத்தான் நகர்த்த முடியும்.

அடாப்டரில் கவனம் வேண்டும். கிட்டார் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டரில் பொதுவாக நடுமுனை எதிர்மின், பல சிந்தசைசர்களில் நடுமுனை நேர்மின். பிளக் மட்டும் ஒன்றுபோலவே நுழைந்துவிடும். வோல்ட் சமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் வட்டக்குறி படம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். யு.எஸ்.பி. மாட்டியதும் ஸ்பீக்கரில் கீச்சென்று இரைச்சல் வந்து, மவுஸை நகர்த்தும்போது அதுவும் மாறினால் அது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி இரைச்சலைக் கடத்துவது. ஐந்து முள் மிடி கேபிளுக்கு மாறுங்கள். அதன் உள்ளீட்டில் ஒளி வழியே மின்சாரத்தைப் பிரிக்கும் சிப் இருப்பதால் இரைச்சல் தாண்டி வராது.

மறுவெளியீட்டையே இரண்டாம் கையாக வாங்குகிறீர்களா? 2013ல் வந்தவற்றுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. எல்லா ஜாக்கிலும் கேபிளைச் செருகி மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஒலி விட்டு விட்டு வந்தால் பற்றவைத்த இடம் விரிசல் விட்டிருக்கும். ஒவ்வொரு நாப்பையும் முழுச்சுற்றும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு உள்ள ஸ்லைடரில் கையில் கிடைத்த கிளீனரை அடிக்காதீர்கள். உள்ளே போட்டிருக்கும் கிரீஸ் கரைந்து ஸ்லைடர் தொளதொளவென்று ஆகிவிடும், அதை மறுபடி இறுக்க முடியாது. ஸ்லைடர்களுக்கென்றே விற்கும் கிளீனரைத் துளி அளவு விட்டு, இருபது முப்பது முறை மேலும் கீழும் நகர்த்தினாலே போதும்.