குண்டுக்கும் குண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டனில் ஆள்சேர்ப்புக்காக ஒட்டிய ஒரு சுவரொட்டி. கீழே இருண்டு கிடக்கும் லண்டன், மேலே தேடுவிளக்கின் ஒளியில் மாட்டிய, 'செப்பலின்' என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல். அதன் வாசகத்தைத் தமிழில் இப்படிப் போடுகிறார்கள்: "வீட்டில் குண்டுக்குப் பலியாவதைவிடக் குண்டுகளை எதிர்கொள்வதே மேல்." எந்தக் குண்டுக்கு எந்தக் குண்டு மேல்? மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். வீட்டின்மேல் விழுவது பாம், போர்முனையில் பாய்ந்து வருவது புல்லட். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் சுவரொட்டியே. "வீட்டில் வெடிகுண்டுக்குச் சாவதைவிடத் தோட்டாவுக்கு நெஞ்சைக் காட்டுவது எவ்வளவோ மேல்" என்று எழுத என்ன கஷ்டம்?

சொல் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். பாம் என்பது கிரேக்கத்தில் 'பொம்' என்று அதிரும் ஓசையைக் குறித்த சொல்லிலிருந்து லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவர்கள் ஓசையைப் பிடித்தார்கள், நாம் வடிவத்தைப் பிடித்தோம். குண்டு என்றால் உருண்டையானது, பருத்தது. குண்டூசி, குண்டுமல்லி, கொத்தனாரின் தூக்குக்குண்டு எதுவும் வெடிக்காது. வெடிப்பதற்குத்தான் முன்னால் 'வெடி' சேர்த்து வெடிகுண்டு என்றார்கள். அருமையான சொல், வடிவமும் வேலையும் அதிலேயே இருக்கிறது.

இதில்தான் ஒரு கூட்டம் சண்டைக்கு வருகிறது. "அணுகுண்டு, கையெறி குண்டு, குண்டுவீச்சு என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே வெடி எங்கே? குண்டு போதும், எளிமை." சரி, அந்தச் சொற்களில் அணுவும் கையெறியும் வீச்சும் சேர்ந்து பொருளைச் சொல்லிவிடுகின்றன. தனியாக நிற்கும் குண்டுக்கு அந்தத் துணை கிடையாது. "குண்டு பாய்ந்து இறந்தார்" என்றால் தோட்டா, "குண்டு வெடித்து இறந்தார்" என்றால் வெடிகுண்டு. வினைச்சொல் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டும். ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் கீழே எழுதும் ஒற்றை வரியில் பெரும்பாலும் வினைச்சொல்லே இருக்காது!

மறுகோடிக்குப் போய், உருண்டையாக எதைக் கண்டாலும் வெடிகுண்டு என்று எழுதுபவர்களும் உண்டு. கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் 1855இல் செவஸ்தபோல் அருகே எடுத்த புகைப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். மரமில்லாத பள்ளத்தாக்கு, வளைந்து போகும் சாலை, அதெங்கும் சிதறிக் கிடக்கும் இரும்பு உருண்டைகள். அதே இடத்தில் சாலை வெறுமையாக இருக்கும் இன்னொரு படமும் உண்டு. உருண்டைகளை ஃபென்டனே எடுத்து வைத்தாரா என்பது பழைய விவாதம். தமிழ்க் குறிப்பில் "சாலையில் கிடக்கும் வெடிகுண்டுகள்" என்று போட்டுவிட்டால் அந்த விவாதமே பைத்தியக்காரத்தனமாகிவிடுகிறது. வெடிக்காத வெடிகுண்டுகளைப் பொறுக்கி எடுத்து, படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று எவராவது பரப்பி வைப்பாரா? அவை பீரங்கிக் குண்டுகள் ஐயா.

பிக்காசோவின் கெர்னிக்கா நேர் எதிர் வகை. 1937இல் ஸ்பெயினின் கெர்னிக்கா ஊர்மேல் நடந்த விமானத் தாக்குதலுக்காக வரைந்த ஓவியம், ஆனால் அதில் விமானமும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. கதறும் தாய், குதிரை, காளை, உச்சியில் ஒரு மின்விளக்கு. என்ன நடந்தது என்பதைக் கீழே இருக்கும் குறிப்புதான் சொல்ல வேண்டும். அங்கே போய் "குண்டுத் தாக்குதல்" என்று மொட்டையாக எழுதினால் துப்பாக்கியா, பீரங்கியா, விமானமா என்று யாருக்குத் தெரியும்? "விமானக் குண்டுவீச்சு" என்று எழுதுங்கள், ஒரு சொல்தான் கூடுதல்.

தோட்டா தமிழில்லை என்று தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். ஆமாம், உருது வழி வந்தது. அதிலும் கறாராகப் பார்த்தால் தோட்டா என்பது உறையும் வெடிமருந்தும் முனையும் சேர்ந்த முழுப்பொருள், பாய்ந்து வருவது அதன் முனை மட்டும். அதற்கு ஈழத்தில் ரவை, சன்னம் என்று நல்ல சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் ரவை என்றால் வாசகர் நேரே அடுப்படிக்குப் போய்விடுவார், அதனால் எனக்குச் சன்னம் பிடிக்கும். பழகும்வரை தோட்டாவே இருக்கட்டும், தப்பில்லை. தூய்மைக்காகத் தோட்டாவை விரட்டிவிட்டு அந்த இடத்திலும் குண்டையே உட்கார வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எறிகணையை எல்லாவற்றுக்கும் பொதுவாக்குவதும் அப்படித்தான். கணை என்றால் அம்பு, ஏவியோ எய்தோ பறந்து வருவது. பீரங்கியிலிருந்து வருவதற்குப் பொருந்தும், விமானத்திலிருந்து கீழே விழுவதற்குப் பொருந்தாது.

கேலிச்சித்திரங்களில் வரும் கறுப்பு உருண்டை வெடிகுண்டின் தலையில் எரிவதை 'உருகி' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது? அது மின்பெட்டியில் இருக்கும் ஃப்யூஸ். ஆங்கிலத்தில் ஒலி ஒன்றானாலும் வேர் வேறு. மின்சாரத்துக்கு உரியது உருகுவதிலிருந்து வந்தது, வெடிகுண்டுக்கு உரியது நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து. நம்மிடம் திரி இருக்கிறதே! பட்டாசு கொளுத்தும் குழந்தைக்குத் தெரிந்த சொல் அகராதி புரட்டுபவருக்குத் தெரியாமல் போகிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9இல் போட்ட அணுகுண்டின் படம். சுமார் 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் விட்டம், பெரிய முட்டை மாதிரி உடம்பு. அதனால்தான் ஃபேட் மேன் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் "குண்டு மனிதன்" என்று போடுகிறார்கள். படிப்பவர் பாம் மனிதன் என்றுதான் நினைப்பார், அந்தப் பெயரில் இருக்கும் குரூரமான கிண்டல் அவருக்குப் போய்ச் சேராது. ஒரு குறிப்பில் "குண்டு மனிதன் என்ற குண்டு" என்றே இருந்தது. தடியன் என்று எழுதலாம், அதில் கிண்டலும் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஃபேட் மேன் என்றே விட்டுவிடுங்கள்.