கடலடிக்குப் போகும் மாணவிகள் டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

விடுமுறை நெருங்கினால், கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கும் பாலிடெக்னிக், பல்கலைக்கழக மாணவிகள் சிங்கப்பூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருவார்கள். கையில் ஸ்கூபா பயிற்சிக்கான, அதாவது முதுகில் காற்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்தும் பயிற்சிக்கான, மருத்துவப் படிவம் இருக்கும். பக்கத்தில் அம்மா இருப்பார். படிவத்தில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் அம்மாக்கள் கவலைப்படுவது அந்தப் படிவத்தைப் பற்றி இல்லை. மாதவிலக்கு நாளில் கடலில் இறங்கலாமா, ரத்த வாடைக்குச் சுறா வராதா, பிள்ளை கறுத்துவிடுவாளே, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கனமான டேங்க்கைத் தூக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு வருத்தம் தருவது இதுதான்: போவதைத் தடுக்கத் தேவையே இல்லாத காரணங்களுக்காகப் பெண்களை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் நிறுத்த வேண்டிய காரணம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைத்துவிடுகிறோம்.

மாதவிலக்கு ஒரு தடையே இல்லை. டாம்பூனோ மாதவிலக்குக் கப்போ வைத்துக்கொண்டு இறங்கலாம். மாதவிலக்கு ரத்தத்தைத் தேடி வந்து சுறா தாக்கியதாக ஆதாரம் எதுவும் கிடையாது. ரத்தப்போக்கு மிக அதிகமாகி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு விஷயம். ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பிறகு அந்த டேங்க்: கரையில் கனம், தண்ணீருக்குள் அந்தக் கனம் தெரியாது. 1970-ல் கடல் விஞ்ஞானி சில்வியா எர்ல் தலைமையில் ஐந்து பெண்கள், அமெரிக்க வர்ஜின் தீவுகளில் கடலுக்கடியில் அமைத்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாரம் தங்கி வேலை பார்த்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இங்கே அதே சந்தேகம் தீரவில்லை.

இனி மறைக்கப்படும் விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது ஆஸ்துமா. “சின்ன வயசுல இருந்துச்சு டாக்டர், இப்ப சுத்தமா இல்ல” என்று அம்மா சொல்வார். ஒரு மாணவி, அம்மா வெளியே போன பிறகு, ஓடப் போகும் முன் இன்னும் இன்ஹேலர் எடுப்பதாக மெதுவாகச் சொன்னாள். சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று பயம். ஆனால் இதில் பயப்பட வேண்டியது வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய எடுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் மூச்சை அடக்கக் கூடாது என்பதை ஸ்கூபாவின் முதல் விதியாகச் சொல்லித்தருகிறார்கள். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால், அவள் ஒழுங்காக மூச்சு விட்டாலும் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொள்ளும். நுரையீரல் கிழியலாம், குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். டேங்க்கிலிருந்து வருவது வறண்ட காற்று, கூடவே நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் சிரமம். ஆஸ்துமாவைத் தூண்ட இவையே போதும்.

இதனால் ஆஸ்துமா என்றாலே கதவு அடைத்தது என்று இல்லை. நன்றாகக் கட்டுக்குள் இருந்து, நுரையீரல் பரிசோதனையும் உடற்பயிற்சிக்குப் பிந்தைய பரிசோதனையும் சரியாக வந்தால் பலருக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த மாணவி அந்த விடுமுறையில் கடலுக்குள் இறங்கவில்லை. கடல் நன்றாக வற்றும் நாள்களில் நம் தீவுகளின் பவளத்திட்டுகள் வெளியே தெரியும். அங்கே நடந்தே உயிரினங்களைப் பதிவு செய்தாள். மருந்தை மாற்றி, மறுபடி பரிசோதித்து, அடுத்த விடுமுறையில் டைவ் செய்தாள்.

வந்த மாணவியிடம் சில நிமிடம் நான் தனியாகப் பேசுவேன். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று எல்லாரிடமும் கேட்பேன். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இப்படிக் கேட்பதா என்று கோபித்துக்கொண்ட தாய்மார்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் கேட்காமல் விட மாட்டேன். ஆழத்திலிருந்து மேலே வரும்போது நம் ரத்தத்தில் உருவாகும் சிறு குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். கருவின் ரத்தம் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகாமலே சுற்றுவதால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கர்ப்பமாக இருந்தால் டைவ் வேண்டவே வேண்டாம். வலிப்பு, முன்பு நுரையீரல் சுருங்கியது, பதற்றத்துக்கு எடுக்கும் மாத்திரை, இவற்றையும் அந்தத் தனி நேரத்தில்தான் சொல்கிறார்கள்.

சளி சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் என்னிடம் திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் காது வலியோடுதான் வருகிறார்கள். இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே, காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மூக்கடைத்திருந்தால் அது நடக்காது. காசு கட்டியாயிற்றே என்று மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் ஆழத்தில் தீர்ந்துவிடலாம். அப்போது மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும். அன்று படகில் உட்கார்ந்திருப்பதே நல்லது.

சிங்கப்பூர்க் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கும் நீலத் தண்ணீர் இங்கே இல்லை. ஹந்து தீவிலும் சிஸ்டர்ஸ் தீவுகளின் கடல் பூங்காவிலும் பல நாள் சில மீட்டருக்கு மேல் கண் தெரியாது, நீரோட்டமும் வலுவாக இருக்கும். ஆனாலும் உலகின் கடினப் பவள இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 250 இனங்கள், இந்தக் கலங்கல் தண்ணீரில் வாழ்கின்றன. அற்றுப்போனதாக நினைத்த நெப்டியூன் கோப்பைக் கடற்பஞ்சு 2011-ல் இங்கேதான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 2024-ல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது அவற்றைக் கணக்கெடுக்க ஆள் தேவைப்பட்டது. இந்தப் பிள்ளைகள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

அதேசமயம் புதிதாக டைவ் கற்றவளிடம் அளவு நாடா, எழுதும் பலகை, கேமரா மூன்றையும் கொடுத்து அனுப்புவது ஆபத்து. கடற்குதிரையைத் தேடும் மும்முரத்தில் டேங்க்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்க மறந்துவிடுவாள். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடிக்கும். முதல் சில டைவ்களில் தண்ணீருக்குள் ஒரே ஆழத்தில் நிலையாக மிதக்க மட்டும் பழகட்டும், கணக்கெடுப்பு அப்புறம். ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் இதை அட்டவணையிலேயே எழுதி வைத்தால் நல்லது.

இன்னொன்று: மாஸ்க்கின் ஓரத்தில் முடி சிக்கினால் தண்ணீர் உள்ளே வரும். இறுகப் பின்னிவிடுங்கள். முழுக்கை, முழுக்கால் டைவ் உடை வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் பாதுகாப்பு. தலையையும் உடலையும் மூடிக்கொள்ள விரும்பும் முஸ்லிம் மாணவிகளுக்குத் தலைமூடியோடு வரும் உடையும் உண்டு.

திரும்பி வந்த பிறகு ஒரு நாளாவது கவனியுங்கள். மூட்டு வலி, விரல்களில் மரமரப்பு, வழக்கத்துக்கு மீறிய களைப்பு, தலைசுற்றல் வந்தால் கோடாலித் தைலம் தடவிப் படுக்க வைக்காதீர்கள். அது, ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் குமிழிகள் உருவாவதால் வரும் அழுத்தக் குறைவு நோயாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்து, டைவ் செய்தவள் என்பதை முதலில் சொல்லுங்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்து இதற்குச் சிகிச்சை தரும் பிரிவு இருக்கிறது. அவள் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரையும் மறக்காமல் கொண்டுபோங்கள், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பது அதில் பதிவாகியிருக்கும். பல நாள் டைவ் செய்தவர்கள், கடைசி டைவ் முடிந்து 18 மணி நேரம் ஆகும்வரை விமானம் ஏறக் கூடாது. பாலிக்குப் போகிற குழுக்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.